கூரை வரைந்த வீடு

இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் குடியிருந்த கவிஞரும் துணி, சுவர்த்தாள் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸில் தொடங்குவார்கள். நான் கூரையில் தொடங்குகிறேன். மாரிஸ் அங்கே வந்தது 1871இல். அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பே, வீட்டின் அகலம் இவ்வளவுதான், அறைகள் இப்படித்தான் வரிசையாக வரும், கூரைக்கடியிலுள்ள மச்சில் இன்ன இடத்தில்தான் வெளிச்சம் விழும் என்று எல்லாவற்றையும் அந்தக் கூரை தீர்மானித்துவிட்டது. கட்டுமானத் துறையில் வேலை செய்கிறவன் என்பதால், எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எது எதைத் தாங்குகிறது என்று தேடுவது என் வழக்கம். சுவர் கூரையைத் தாங்குகிறது, அது சரி. ஆனால் அந்தச் சுவர் எங்கே நிற்கவேண்டும் என்று சொன்னதே கூரைதான்.

இடம் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரின் மேற்கு ஓரம். லண்டனில் அவ்வளவு அகலமாக ஓடும் தேம்ஸ் இங்கே ஒரு சிற்றாறு. லெச்லேட் ஊரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் கீழே, தட்டையான புல்வெளிகளுக்கு நடுவே கெல்ம்ஸ்காட் கிராமம் இருக்கிறது. வெள்ளக் காலத்தில் இந்தப் புல்வெளிகள் தண்ணீருக்கடியில் போய்விடும். வடக்கே காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் மெல்ல எழும்புகின்றன. கல் அங்கிருந்துதான் வந்தது. ஊருக்குள் நுழைந்ததுமே அது தெரிந்துவிடும். வேலிக்குக்கூட இங்கே கல்தான். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான பலகைக் கற்களை ஒன்றையொட்டி ஒன்றாக மண்ணில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பக்கத்துக் கல்லோடு இரும்புக் கொக்கி போட்டுப் பிணைத்திருக்கிறார்கள். மரத்தைச் செலவழிக்காமல், சாந்தும் போடாமல், பூமிக்குள் அடுக்கடுக்காகக் கிடந்த கல்லை அப்படியே எடுத்து நட்டுவிட்டார்கள்.

வீட்டைக் கட்டியவர்கள் டர்னர் குடும்பத்தார். உழவர்கள். இப்போது ‘மேனர்’, அதாவது நிலப்பிரபுவின் மாளிகை, என்று பெயர்ப்பலகையில் இருந்தாலும், அந்தப் பெருமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அதுவரை இது ஒரு பண்ணை வீடு. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொதுவாகச் சொல்வதுபோல் 1570ஐ ஒட்டி, எழுந்த வீடு. அந்தக் காலம் இங்கிலாந்துக் கிராமங்களில் வீடு கட்டும் காலமாக இருந்தது. தானிய விலை ஏறிக்கொண்டே போனது. நீண்டகாலக் குத்தகைக்கும் சொந்தத்துக்கும் நிலம் வைத்திருந்தவர்கள் கொடுக்கவேண்டிய குத்தகைப் பணம் ஏறவில்லை. இடையில் நின்ற லாபம் உழவர் கையில் தங்கியது. மண்சுவரும் மரச்சட்டமுமாக இருந்த வீடுகளை இடித்து, புகைபோக்கியும் மாடியும் கண்ணாடி ஜன்னலும் வைத்துக் கட்டிக்கொண்டார்கள். 1570 முதல் 1640 வரையிலான இந்த அலையை ‘பெரும் மறுகட்டுமானம்’ என்று டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1953இல் பெயரிட்டு எழுதினார். ஆண்டுக் கணக்கை வட்டாரத்துக்கு வட்டாரம் மாற்றவேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். காட்ஸ்வோல்ட்ஸ் ஓரத்தில் நிற்கும் கல் வீடுகளைப் பார்த்தால் ஹாஸ்கின்ஸ் சொன்னதன் அடிப்படை கண்ணுக்கே தெரிகிறது. பிரபுக்கள் கட்டிய மாளிகைகளைவிட இந்த வீடுகள்மேல் எனக்கு மதிப்பு அதிகம். வரைபடக்காரர் யாரும் இல்லாமல், கொத்தனாரும் தச்சரும் வீட்டுக்காரரும் வாசலில் நின்று பேசி முடிவு செய்த வீடுகள் இவை.

இனி கூரைக்கு வருகிறேன்.

தூரத்தில் பார்த்தால் சாம்பல் நிறக் கூரை. கிட்டே போனால் ஒவ்வொரு ஓடும் கல். சுட்ட மண்ணோ வேல்ஸ் நாட்டுக் கருஞ்சிலேட்டோ கிடையாது. சுவரில் இருக்கும் அதே சுண்ணாம்புக்கல் குடும்பத்தைச் சேர்ந்த, மெல்லிய அடுக்குகளாகப் பிளக்கும் கல். 16 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்தப் பகுதி வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தது. அலையில் உருண்டு உருண்டு, சுண்ணாம்பு படிந்து, மீன்முட்டை அளவில் திரண்ட மணிகள் இறுகியதுதான் காட்ஸ்வோல்ட்ஸ் கல். உடைந்த விளிம்பைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் அந்த மணிகள் வெறுங்கண்ணுக்கே புலப்படும். சிப்பித் துண்டுகளும் கலந்திருக்கும்.

இந்த வட்டாரத்தில் ஓடு கிடைக்க இரண்டு வழிகள் இருந்தன. மேல்மண்ணை ஒட்டிக் கிடக்கும் அடுக்குகள் வெயிலிலும் மழையிலும் இயல்பாகவே பிரிந்து, எடுத்துத் தட்டினால் ஓடாகிவிடும். இன்னொரு வழிக்குப் பனி வேண்டும். ஆக்ஸ்ஃபர்டுக்கு வடமேற்கே இருக்கும் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் கிராமத்தில் அதைத் தொழிலாகவே செய்தார்கள். சுரங்கத்திலிருந்து ஈரம் காயாத பாளங்களை இலையுதிர் காலத்தில் மேலே கொண்டுவந்து வெட்டவெளியில் பரப்புவார்கள். காயவிட்டால் வீண். அதனால் தண்ணீர் ஊற்றியும் மண் போட்டு மூடியும் ஈரத்தைக் காப்பாற்றுவார்கள். கடும் பனி விழும் இரவில் கல்லுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும். பாளம் அடுக்கடுக்காகப் பிரியும். உறைபனி வரப்போகிறது என்று தெரிந்தால் நள்ளிரவானாலும் தேவாலய மணி அடிப்பார்கள், ஊரே எழுந்துபோய்க் கல்லுக்குத் தண்ணீர் விடும் என்று சொல்வார்கள். பனி பெய்யாத குளிர்காலம் வந்தால் அந்த ஆண்டு ஓடு இல்லை. பாளங்களைக் குழிக்குள் புதைத்து அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருக்கவேண்டியதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஒரு கிளைச்செய்தி. உலகில் முதன்முதலில் அறிவியல் பெயர் பெற்ற டைனோசர் மெகலோசாரஸ். 1824இல் வில்லியம் பக்லண்ட் அதை விவரித்தார். அந்த எலும்புகள் கிடைத்தது ஸ்டோன்ஸ்ஃபீல்ட் ஓட்டுச் சுரங்கங்களில். ஓடு தேடிப் போனவர்களின் கையில்தான் அது முதலில் பட்டது.

பிரிந்த கல்லைச் சுத்தியலால் தட்டி விளிம்பு திருத்தி, மேல்முனையில் ஒரு துளை போடுவார்கள். அந்தத் துளையில் ஓக் மர முளை ஒன்றை அடித்து, முளையை ரீப்பரில் மாட்டித் தொங்கவிட்டால் ஓடு நிற்கும். ஆணிகூடத் தேவையில்லை. ஓடுகள் ஒரே அளவில் வராது. வந்த அளவையெல்லாம் பயன்படுத்தியாக வேண்டும். பெரியவற்றைக் கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்தில் வைத்து, மேலே போகப் போகச் சிறிதாக்கி, கையகல ஓடுகளை முகட்டில் முடிப்பார்கள். ஒவ்வோர் அளவுக்கும் ஓடு வேய்கிறவர்களிடம் தனித்தனிப் பெயர் உண்டு: பேச்சிலர், லாங் நைன், விவெட் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் பட்டியல். பெரிய கல் கீழே இருப்பதில் காரியம் இருக்கிறது. மேலிருந்து வடியும் மழையெல்லாம் சேரும் இடம் இறவாணம். அங்கே இணைப்புகள் குறைவாக இருப்பது நல்லது. கனமான கற்கள் சுவருக்கு நேர் மேலே உட்காருவதும் நல்லது. மாரிஸ் இந்தக் கூரையைப் பற்றி எழுதும்போது, மீனின் செதிளிலும் பறவையின் இறகிலும் காணும் ஒழுங்கு தரும் அதே இன்பத்தை இது தருகிறது என்றார். முகட்டைப் பார்த்தபடி தெருவில் நின்றால் அவர் சொன்னது புரியும். சிறிதாகிக்கொண்டே போகும் வரிசைகள் கூரையை உண்மையைவிட உயரமாகக் காட்டுகின்றன.

இப்போது அந்தக் கல் என்னென்ன கேட்கிறது என்று பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். மேற்பரப்பும் சமமாக இருக்காது. ஓடுகளுக்கு இடையே காற்று மழையை உள்ளே தள்ளும். ஆகவே தண்ணீர் தங்காமல் ஓடவேண்டும். சரிவு செங்குத்தாக இருக்கவேண்டும். 50 பாகையும் அதற்கு மேலும் இங்கே சாதாரணம். எடையோ சதுர மீட்டருக்கு 100 கிலோவை நெருங்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் அகல வீட்டுக்கு 50 பாகைச் சரிவில் கூரை போட்டால், முகடு சுவருக்கு மேல் 3.6 மீட்டர் எழும்பும். வீட்டின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓட்டின் எடை மட்டுமே ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அகலத்தை 12 மீட்டராக்கினால் முகடு 7 மீட்டரைத் தாண்டும். சுவரைவிடக் கூரை பெரிதாகிவிடும். அவ்வளவு நீள ஓக் சட்டங்களுக்கு எங்கே போவது?

அதனால்தான் இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் அகலவாட்டில் ஓர் அறைதான். இடம் வேண்டுமென்றால் நீளத்தில் வளரலாம். அல்லது வீட்டுக்குக் குறுக்கே சிறகுபோல் ஒரு பகுதியை முளைக்கவிட்டு, அதற்குத் தனிக் கூரை போடலாம். புதிய கூரைக்குப் புதிய முக்கோணச் சுவர் வேண்டும். கெல்ம்ஸ்காட்டைச் சுற்றி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த முக்கோணச் சுவர்களின் கூட்டம்தான். அது அலங்காரத்துக்கு என்று நினைக்கத் தோன்றும். அகலத்தைத் தாண்டமுடியாத கூரை, தன்னைத் தானே பல துண்டுகளாக்கிக்கொண்டதால் வந்த அமைப்பு அது. உள்ளே போனால் இன்னொரு விளைவு தெரியும். நடைபாதை வைக்க அகலம் போதாது. மாடியில் ஓர் அறைக்குள் நுழைந்து, அதைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போகவேண்டும். தனிமை என்பதை இந்த வீடு அவ்வளவாகத் தருவதில்லை.

சரிவு செங்குத்தாக இருப்பதால் கூரைக்கடியில் பெரிய வெற்றிடம் மிச்சமாகிறது. அதை வீணாக்க உழவர் மனம் ஒப்பாது. அங்கே மச்சு வந்தது. தானியம் வைக்க, வேலைக்காரர் படுக்க என்று பயன்பட்டது. முக்கோணச் சுவர்களில் சின்ன ஜன்னல் வைத்து வெளிச்சம் தந்தார்கள். மாரிஸ் குடும்பம் வந்த பிறகு பிள்ளைகள் ஜென்னியும் மேயும் மச்சில் தூங்கினார்கள். மே சின்ன வயதில் கூரைமேல் ஏறி விளையாடியதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இந்த வீட்டில் பிடித்த பகுதி மச்சுதான். கீழே மரப்பலகையும் திரைச்சீலையும் மறைத்திருப்பதை மச்சு மறைப்பதில்லை. உத்திரங்களில் வாய்ச்சியின் வெட்டு இன்னும் இருக்கிறது. விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தட்டுப்படும். மரம் எப்படி வளைந்து வளர்ந்ததோ அப்படியே விட்டிருக்கிறார்கள்.

சுவருக்கு வருவோம். செதுக்காத கல்லை வரிசை பார்த்து அடுக்கிய சுவர். வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவில் சில்லுக்கல்லும் சாந்தும். இரண்டு முகமும் பிரிந்துபோகாமல் இருக்க, குறுக்கே நீண்ட கட்டுக்கற்களை ஆங்காங்கே வைப்பார்கள். செதுக்கிய கல் மூலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் புகைபோக்கிக்கும் மட்டும். பணம் எங்கே செலவழிக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள். மாரிஸின் கண் இன்னொன்றையும் கவனித்தது. சுவர்கள் மேலே போகப் போக இம்மியளவு உள்வாங்குகின்றன. அளந்தால்தான் தெரியும் என்கிற அளவு. ஆனால் அதனால் வீடு தரையில் அழுந்தி உட்கார்ந்த உணர்வு வருகிறது. பிந்திய காலச் சிறகின் சுவருக்கு மெல்லிய பூச்சு கொடுத்திருந்தார்கள். அந்தப் பூச்சும் நாளடைவில் கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டது என்று அவர் எழுதினார்.

சாந்து முழுவதும் சுண்ணாம்பு. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. மழையில் சுவர் ஈரம் உறிஞ்சினால், வெயில் வந்ததும் அந்த ஈரம் சாந்து இணைப்புகள் வழியாக வெளியேறும். சாந்து தேயும். ஐம்பது, நூறு ஆண்டுக்கொருமுறை மீண்டும் அடைக்கவேண்டும். கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்டால் இணைப்புகளை அடைத்து பாயிண்டிங் செய்தால் கதை மாறும். இணைப்பு கெட்டியாகி ஈரத்துக்கு வழி அடைபடும். ஈரம் கல் வழியாக வெளியேற முயலும். பனிக்காலத்தில் அது உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வரும். காட்ஸ்வோல்ட்ஸ் ஓரத்தில் நான் சிலகாலம் வாடகைக்கு இருந்த சின்னக் கல் வீட்டில் யாரோ அப்படித்தான் செய்துவைத்திருந்தார்கள். சிமெண்ட் கோடுகள் வலைபோல் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கற்கள் குழிந்து போயிருந்தன. காலையில் வாசல் படியில் மஞ்சள் பொடி உதிர்ந்து கிடக்கும். அது வீட்டுச் சுவர். அதைப் பெருக்கித் தள்ளும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். நானூறு ஆண்டு தாங்கிய கல்லை நாற்பது ஆண்டில் கரைக்க, நல்லெண்ணத்தோடு செய்த ஒரு பழுதுபார்ப்பு போதும்.

ஜன்னல்களுக்கு வருவோம். ஒரு திறப்பை இரண்டாகவோ மூன்றாகவோ பிரிக்கும் செங்குத்தான கல் சட்டங்கள், அவற்றின் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். வெளிச்சம் உள்ளே இன்னும் கொஞ்சம் பரவ அது உதவும். கண்ணாடி அன்று பெரிய தகடாகக் கிடைக்காது. சின்னச் சின்னத் துண்டுகளை ஈயப் பட்டையில் கோத்து வைத்தார்கள். மேலே, சுவரில் வழியும் மழையை ஜன்னலுக்கு இரு பக்கமும் தள்ளிவிடும் கல் விளிம்பு. வெளிச்சம் சும்மா கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. அதற்கு முன்பு 1662 முதல் 1689 வரை கணப்புக்கு வரி, ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். கெல்ம்ஸ்காட்டின் வடகிழக்குச் சிறகு எழுந்தது இந்தக் கணப்பு வரிக் காலத்தில், 1660களில். வரிக்கு அஞ்சாமல் நல்ல கணப்புகளோடு கட்டினார்கள் என்றால் டர்னர் குடும்பம் அதற்குள் எவ்வளவு வளர்ந்திருந்தது என்று பாருங்கள். குலச்சின்னம் பெறும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அந்தச் சிறகின் மேல் ஜன்னல்களை நின்று பாருங்கள். முக்கோணச் சுவரில் இருக்கும் சிறிய ஜன்னல்களின் தலையில், ரோமானியக் கோயில் முகப்பைப் பின்பற்றிய குட்டி முக்கோணங்களைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். லண்டனிலும் ஆக்ஸ்ஃபர்டிலும் அன்று பரவிக்கொண்டிருந்த புதுப் பாணி அது. கீழே ஜன்னலோ பழைய காட்ஸ்வோல்ட்ஸ் ஜன்னல், கல் சட்டத்தோடு. கூரையும் அதே கல் ஓடு, அதே சரிவு. ஊர்க் கொத்தனார் எங்கோ பார்த்ததையோ கேள்விப்பட்டதையோ தன் கைக்குத் தெரிந்த வேலையில் சேர்த்துவிட்டார். பாணி தெரிந்தவர்கள் இதைப் பிழை என்பார்கள். என் பார்வையில் இந்த வீட்டிலேயே மிகவும் உயிரோட்டமான இடம் அதுதான். புதியதை ஏற்கவும் செய்தார்கள், அதற்காகக் கூரையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

உள்ளே, பழைய பகுதியின் அமைப்பு எலிசபெத் காலத்து வழக்கம். வாசலைத் தாண்டினால் குறுக்கு வழி, ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் சமையலும் பண்டகமும். வடகிழக்குச் சிறகின் கீழறையில் சுவர் முழுக்க மரப்பலகை, அதற்கு வெள்ளை வண்ணம். மேலறையில் பதினேழாம் நூற்றாண்டுத் திரைச்சீலைகள். விவிலியத்தில் வரும் சாம்சனின் கதையை நெய்தவை. நிறம் மங்கி நீலமும் பழுப்புமாக மிஞ்சியிருப்பதே அறைக்கு அழகு என்று மாரிஸ் கருதினார். கல் சுவரின் குளிரைத் தடுக்கவும் அவை உதவின. மாரிஸோடு சேர்ந்து வீட்டை வாடகைக்கு எடுத்த ஓவியர் ராசெட்டி அந்த அறையைத்தான் ஓவியக்கூடமாக வைத்துக்கொண்டார். அவருக்கும் மாரிஸின் மனைவி ஜேனுக்கும் இருந்த உறவைப் பற்றிப் போதுமான அளவுக்கு மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். 1874இல் அவர் அங்கிருந்து போய்விட்டார்.

தோட்டத்தில் ஒரு சிறிய கல் கட்டடம் இருக்கிறது, பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அது வீட்டின் கழிப்பறை. பக்கம் பக்கமாக மூன்று பேர் உட்காரும்படி மரப்பலகையில் மூன்று துளைகள். அதற்கும் கல் சுவர்தான், கல் ஓடுதான். கூடத்துக்கு ஒரு வேலைத்தரம், கழிப்பறைக்கு வேறு தரம் என்று இந்தக் கொத்தனார்கள் பிரித்ததாகத் தெரியவில்லை. தொழுவங்களையும் களஞ்சியங்களையும் பாருங்கள். அங்கேயும் ஓடுகள் கீழிருந்து மேலாகச் சிறிதாகிக்கொண்டே போகின்றன.

மாரிஸுக்கு இந்த வீடு ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. வாடகைதாரராகவே வந்தார், 1896இல் இறக்கும்வரை வாடகைதாரராகவே இருந்தார். தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் திருடும் பறவைகளைப் பார்த்து 1883இல் ஒரு துணி வடிவமும், ஓடைக்கரை வில்லோ மரங்களைப் பார்த்து 1887இல் ஒரு சுவர்த்தாள் வடிவமும் வரைந்தார். லண்டன் வீட்டுக்கும் பிறகு தன் அச்சகத்துக்கும் கெல்ம்ஸ்காட் என்றே பெயர் வைத்தார். 1880இல் லண்டனிலிருந்து குடும்பத்தோடும் நண்பர்களோடும் படகில் ஏறி, தேம்ஸை எதிர்த்து இந்த வீட்டுவரை வந்துசேர்ந்தார்.

இவற்றையெல்லாம்விட அவர் 1877இல் தொடங்கிய பணி எனக்கு முக்கியம். அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்கப் பழைய தேவாலயங்களை ‘மீட்டமைக்கிறோம்’ என்று கிளம்பியிருந்தார்கள். பிந்திய நூற்றாண்டுகளில் சேர்ந்ததை இடிப்பது, சுவரின் பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது, தேய்ந்த செதுக்கலை நீக்கிவிட்டுப் புதிதாகச் செதுக்கிப் பொருத்துவது. ட்யூக்ஸ்பரி மடாலயத்துக்கு அந்த வேலை வரப்போகிறது என்று தெரிந்ததும் மாரிஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. நண்பரும் கட்டடக் கலைஞருமான ஃபிலிப் வெப்போடு சேர்ந்து எழுதிய அறிக்கையில் அவர் கேட்டது மிக எளியது: அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள், சாயும் சுவருக்கு முட்டுக் கொடுங்கள், ஒழுகும் கூரையை அடையுங்கள். அதற்கு மேல் கை வைக்காதீர்கள். கெல்ம்ஸ்காட்டில் ஆறு ஆண்டுகள் கோடையைக் கழித்த மனிதர் எழுதியது அது. பெயர்ந்த ஓட்டை எடுத்து மாட்டினால் நூறு ஆண்டு ஓடும் கூரையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த அறிக்கையின் நியாயம் புதிதாகத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது.

ஊர்த் தேவாலய மயானத்தில் மாரிஸின் கல்லறையை வெப்தான் வடிவமைத்தார். நீண்ட கல், மேலே வீட்டு முகடுபோல் இருபுறமும் சரியும்படி செதுக்கியது.

மாரிஸ் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 1913இல், ஜேன் வீட்டை விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மகள் மே, 1938இல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்து, வீட்டை ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அவர் விதித்த நிபந்தனைகளோடு வீட்டை நடத்தமுடியாமல் போனது. 1962இல் அது லண்டன் தொல்பொருளாளர் சங்கத்தின் கைக்கு வந்தது. அப்போது ஈரமும் மரப்பூச்சியும் வீட்டை அரித்திருந்தன. 1960களின் நடுவில் கட்டடக் கலைஞர் டொனால்ட் இன்சாலின் அலுவலகம் பெரிய பழுதுபார்ப்பை நடத்தியது. பிறகு இன்னொரு முறை, பார்வையாளர்களுக்கு மூடிவைத்து வேலைகளை முடித்து, 2022 ஏப்ரலில் திறந்தார்கள். நான் பார்த்தது இந்த இரண்டாவது பழுதுபார்ப்புக்குப் பிந்தைய வீடு. புது வேலை எது, பழைய வேலை எது என்று கூர்ந்து பார்த்தால் அடையாளம் தெரியும், தூரத்தில் நின்றால் கண்ணை உறுத்தாது. நல்ல பழுதுபார்ப்பு இப்படித்தான் இருக்கவேண்டும்.

என் கவலை கெல்ம்ஸ்காட் பற்றி இல்லை. அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, அதற்கென்று ஒரு சங்கமும் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பெயரில்லாமல் நிற்கும் நூற்றுக்கணக்கான பண்ணை வீடுகளுக்கு ஓடு எங்கிருந்து வரும்? பெரிய சுரங்கங்கள் மூடி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. புதிதாகக் கல் ஓடு வெட்டுகிற குழிகள் சில உண்டு, ஆனால் விலை அதிகம், கிடைக்கும் அளவும் கொஞ்சம். அதனால் பழைய ஓட்டுக்கு நல்ல சந்தை இருக்கிறது. ஒரு வீட்டின் கூரையைச் சரிசெய்ய, எங்கோ கேட்பாரற்றுக் கிடக்கும் களஞ்சியத்தின் கூரை இறங்குகிறது. கூரை போன கல் சுவர் நீண்ட நாள் நிற்காது. மழை நேராகச் சுவரின் வயிற்றுக்குள் இறங்கும். மாற்றாக, கல் ஓட்டைப்போல் அச்சில் வார்த்த கான்கிரீட் ஓடுகள் வருகின்றன. நிறம்கூடப் பொருந்திவிடும். ஆனால் எல்லாம் ஓரிரண்டு அளவுகள்தான். இறவாணத்திலிருந்து முகடுவரை ஒரே மாதிரி வரிசைகள். பழைய வீட்டின் தலையில் அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கிறது.

1990களின் பிற்பகுதியில், பழங்கட்டடங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு கல் ஓட்டுக் குழிகளை மீண்டும் திறக்கவேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தியது. அதன் நியாயம் எளிது. கொஞ்சம் நிலத்தைத் தோண்ட அனுமதி கொடுங்கள், கொஞ்சம் பேருக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள், கூரைகள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும். கிராமத்தின் அழகு கெடும் என்று குழிக்கு எதிர்ப்புத் தெரிவிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் வீடே அப்படி ஒரு குழியிலிருந்து வந்ததுதான் என்பதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

கெல்ம்ஸ்காட் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அங்கிருந்து தெற்கே, ஃபாரிங்டன் ஊருக்கு அருகில், கிரேட் காக்ஸ்வெல் களஞ்சியம் இருக்கிறது. காரில் அதிக நேரம் ஆகாது. சிஸ்டெர்சியன் என்ற கிறித்தவச் சபையின் துறவிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, தங்கள் பண்ணைத் தானியத்துக்காக. 152 அடி நீளம், 44 அடி அகலம், 48 அடி உயரம். மாரிஸ் தன் விருந்தினர்களை அங்கே அழைத்துப்போவார். பேராலயத்துக்கு இணையான அழகு என்பது அவர் கணிப்பு. நான் அங்கே போகச் சொல்வது வேறு காரணத்துக்காக. ஒரே கூரையின் கீழ் 44 அடி என்பது 13 மீட்டருக்கு மேல். கல் ஓட்டுக் கூரைக்கு அவ்வளவு அகலம் ஆகாது என்று மேலே கணக்குப் போட்டேன். துறவிகள் அதை உள்ளே இரண்டு வரிசைத் தூண் நிறுத்திச் சமாளித்தார்கள். ஓக் தூண்களை நேராகத் தரையில் ஊன்றாமல், ஆளுயரத்துக்கும் மேலான கல் பீடங்களில் ஏற்றினார்கள். மரம் அழுகாது, தேவையான மர நீளமும் குறையும். தானியக் கட்டுகளுக்கு நடுவே தூண் நிற்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. குடியிருக்கும் வீட்டில் கூடத்துக்கு நடுவே இரண்டு வரிசைத் தூணை யாரும் விரும்பமாட்டார்கள். டர்னர்கள் அதனால்தான் அகலத்தைக் குறைத்துக்கொண்டு, சிறகுகளாகவும் முக்கோணச் சுவர்களாகவும் வளர்ந்தார்கள். களஞ்சியத்தில் கூரைக்கு அடிமறைப்பு இல்லை. தூண், உத்திரம், கைமரம் எல்லாம் வரிசையாகத் தெரியும். அதை முதலில் பார்த்துவிட்டுக் கெல்ம்ஸ்காட்டுக்குப் போனால், மச்சில் நிற்கும்போது தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.